கன்சாய் பயணக் குறிப்புகள்: இலையில் மடித்த சுஷியும் பையில் அடைத்த சுஷியும்

நவம்பர் 10, 2025, திங்கள்: ஒசாகா

அக்காவும் நானும் ஜப்பானின் ஒசாகா நகரில் விடுதியை அடைந்தபோது மணி ஆறுதான். ஆனால் நவம்பரில் இங்கே ஐந்தரை மணிக்கெல்லாம் நன்றாக இருட்டிவிடுகிறது. விமானத்தில் உறங்காத களைப்பும் சேர்ந்துகொண்டதால் உணவகம் தேடி அலைய இருவருக்கும் தெம்பில்லை. விடுதியின் கீழ்த்தளத்தில் கோன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடை ஒன்று இருந்தது. அதன் குளிர் அடுக்கில், முக்கோணமாகப் பிடித்து நோரி என்னும் கடற்பாசித் தாளால் சுற்றிய ஒனிகிரியும், அதற்குப் பக்கத்தில் நீள உருளையாகச் சுருட்டிய தேமாக்கி சுஷியும், அதற்கும் பக்கத்தில் டோஃபு என்னும் சோயாக் கட்டியைப் பொரித்துச் செய்த பைக்குள் சோற்றை அடைத்த இனாரி சுஷியும் ஒரே வரிசையில் இருந்தன. ஒனிகிரிச் சோற்றில் உப்பு மட்டுமே உண்டு; சுஷி வகைகளான மற்ற இரண்டின் சோற்றிலும் அரிசி வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்திருக்கும். விலை எல்லாமே 150 யென்னுக்கும் 220 யென்னுக்கும் இடையில். அப்போதைய மாற்று விகிதத்தில் 100 யென் என்பது ஏறத்தாழ 57 ரூபாய்.

மேசையில் அமர்ந்து உண்ணும் சுஷியை இந்தப் பயணத்தில் தொடுவதில்லை என்றும், உருண்டையாகவோ கட்டியாகவோ கையால் பிடித்து, வாங்கிக்கொண்டு போகும்படி விற்கப்படும் மலிவான சுஷியை மட்டுமே, ஒசாகா, நாரா, கியோத்தோ எல்லாம் அடங்கிய கன்சாய் வட்டாரம் முழுவதும் தேடி உண்பது என்றும் புறப்படும் முன்பே முடிவு செய்திருந்தோம். சிக்கனம் அதற்குப் பாதிக் காரணம். மறுபாதிக் காரணம் அக்கா. அவர் மீன் உண்பதில்லை. மீனில்லாத சுஷி மலிவு வகைகளில்தான் அதிகம் கிடைக்கும்.

பொட்டலத்தின் பின்புற எழுத்துகளைக் கைப்பேசியால் படித்துப் படித்து அக்கா நொந்துகொண்டிருந்ததைக் கண்ட நேபாளத்து இளைஞர் ஒருவர், கல்லாவிலிருந்து எழுந்து வந்து, ஊறுகாய்ப் பிளம் வைத்த ஒனிகிரியை எடுத்து நீட்டி, இதில் மீன் இல்லை என்று இந்தியில் சொன்னார். இனாரியின் டோஃபுவைச் சூரை மீன் சீவல் போட்டுக் காய்ச்சிய சாற்றில்தான் வேகவைப்பார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அக்கா சற்று யோசித்து, "கண்ணுக்குத் தெரிகிற மீனைத் தின்ன மாட்டேன், சாற்றில் கரைந்துபோனதைப் பற்றிப் பயணத்தில் விசாரிக்கப் போவதில்லை" என்று தீர்ப்பளித்தார். இந்தத் தீர்ப்பு பின்வரும் நாட்களில் எங்களைப் பலமுறை காப்பாற்றியது.

கடையிலேயே அமர்ந்து உண்கிறீர்களா, எடுத்துப் போகிறீர்களா என்று அந்த இளைஞர் கேட்டது வெறும் உபசாரம் அல்ல. 2019 அக்டோபரிலிருந்து, எடுத்துப் போகும் உணவுக்கு 8 சதவீத வரியும் அமர்ந்து உண்ணும் உணவுக்கு 10 சதவீத வரியும் இங்கே விதிக்கப்படுகின்றன. அறைக்கு எடுத்துச் சென்றோம். ஒனிகிரி உறையில் 1, 2, 3 என்று எண்கள் இட்டிருக்கிறார்கள். அந்த வரிசையில் இழுத்தால், சோற்றிலிருந்து பிளாஸ்டிக் படலத்தால் பிரித்து வைத்த கடற்பாசித் தாள் அப்போதுதான் சோற்றின்மீது படிந்து, மொறுமொறுப்புக் குறையாமல் வாய்க்கு வருகிறது. தேமாக்கியில் சோறு சில்லென்று இறுகிப்போயிருந்தது. இனாரி மட்டும் குளிரிலும் மென்மையாகவே இருந்தது. இனிப்பு எனக்குச் சற்று அதிகம், அக்காவுக்குப் போதவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்: ஒசாகா

உமேதா என்னும் நகரப் பகுதியிலுள்ள பெரிய பல்பொருள் அங்காடிகளின் நிலத்தடித் தளம் முழுவதும் உணவுக் கடைகள்தாம். ஒசாகாக்காரர்களின் பழைய சுஷி, மரச்சட்டத்துள் சோற்றையும் மீனையும் வைத்து அழுத்தி, பின்பு கட்டிகளாக நறுக்குவது. அதில் மலிவானது பத்தேரா: வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தி, அதன்மேல் கண்ணாடி போல் மெலிந்த கடற்பாசி ஏடு, கீழே இறுக்கிய சோறு. ஆறு துண்டுகள் கொண்ட பெட்டி 756 யென். அக்காவுக்கு வெள்ளரிக்காய்ச் சுருள் 378 யென்.

பணம் வாங்கிய அம்மையார், எவ்வளவு நேரம் கையில் வைத்திருப்பீர்கள் என்று கேட்டார். அரை மணி என்றதும், நாங்கள் கேட்காமலேயே சிறு பனிப்பொதி ஒன்றைப் பைக்குள் வைத்து, வாயை மடித்து ஒட்டி, மேசையைச் சுற்றி வெளியே வந்து அதைக் கொடுத்தார். அதற்குக் கட்டணம் இல்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

வாங்குவது எளிது, உண்ண இடம் தேடுவதுதான் பெரும்பாடு. நடந்துகொண்டே உண்பதை இங்கே யாரும் தடுப்பதில்லை என்றாலும், அப்படிச் செய்பவர்களைக் காண்பது அரிது. தெருவில் குப்பைத்தொட்டி என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை. நாகானோஷிமாத் தீவுப் பூங்காவரை நடந்து, ஆற்றோரப் பெஞ்சில் அமர்ந்து பெட்டியைத் திறந்தோம். எங்களுக்கு இருபுறமும் அலுவலகத்திலிருந்து வந்தவர்கள் அவரவர் பெட்டிகளைத் திறந்து, பேசாமல் உண்டு, காலிப் பெட்டியைத் துணியில் முடிந்து பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

பத்தேரா எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. மீனைவிடச் சோறே அதில் முதன்மை. புளிப்பும் இனிப்பும் ஏறிய சோறு மீனின் எண்ணெயை இழுத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ளச் சோயாச் சாறு வேண்டாத அளவுக்கு நிறைந்திருந்தது. இப்படிப்பட்ட சுஷியை வெளிநாட்டவர் அறியாமல் போனதற்கு வரலாற்றில் ஒரு காரணம் உண்டு. விரல் நீளச் சோற்றின்மேல் மீன் துண்டை வைக்கும் நிகிரி, 1820களில் எடோ நகரில் (இன்றைய தோக்கியோவில்) ஹனாயா யோஹே என்பவரால் பெயர் பெற்றதாகச் சொல்வார்கள்; அன்று அது தெருவோரக் கடைகளில் நின்றபடி உண்ணும் அவசர உணவு, இன்றுள்ளதைப்போல் இரண்டு மூன்று மடங்கு பெரியது, ஏறக்குறைய ஓர் ஒனிகிரியின் பருமன். போருக்குப் பின் அரிசிப் பங்கீட்டுக் காலத்தில், 1947இல், உணவகங்கள் மூடப்பட்டபோது, தோக்கியோ சுஷிக் கடைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: வாடிக்கையாளர் ஒரு கோ அரிசி, அதாவது சுமார் 150 கிராம், கொண்டுவந்தால், கூலி மட்டும் வாங்கிக்கொண்டு பத்துச் சுஷி பிடித்துத் தருவது. அந்த ஏற்பாடு நாடெங்கும் பரவி, நிகிரியின் அளவையும் எண்ணிக்கையையும் நிலைப்படுத்தியது. ஒசாகாவின் அழுத்துச் சட்டங்கள் பின்தள்ளப்பட்டன.

நாங்கள் போன 2025இலும் அரிசிதான் பேச்சு. ஓர் ஆண்டுக்குள் விலை ஏறக்குறைய இரட்டிப்பாகி, 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியிருந்தது. அரசு அந்த ஆண்டு கையிருப்பு அரிசியையே சந்தைக்கு விட வேண்டியிருந்தது. சோற்று உருண்டைகளின் விலைச் சீட்டுகள் பல இடங்களில் புதிதாக ஒட்டப்பட்டிருப்பதன் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

நவம்பர் 12, புதன்: நாரா

நாராவுக்குப் போகிறவர்கள் மான்களையும் பெரிய புத்தரையும் பார்க்கப் போகிறார்கள், நாங்களும் பார்த்தோம். 1,000க்கும் மேற்பட்ட மான்கள் திரியும் அந்தப் பூங்காவில், பிஸ்கட் கட்டு 200 யென்னுக்கு விற்கும் பாட்டியிடம் மட்டும் எந்த மானும் வாலாட்டுவதில்லை. கட்டு நம் கைக்கு மாறிய மறு விநாடியே சட்டை நுனியைக் கடிக்கின்றன.

எனக்கு அன்றைய நாள், பெர்சிமன் என்னும் பழமரத்தின் இலையில் பொதிந்த சுஷியின் நாள். நாரா கடலில்லாத பகுதி. பழங்காலத்தில் தெற்கே உள்ள கூமானோக் கடற்கரையில் பிடித்த கானாங்கெளுத்தியின் வயிற்றில் உப்பைத் திணித்து, மலைப்பாதை வழியே தோளில் சுமந்து யோஷினோ ஊர்களுக்குக் கொண்டுவருவார்கள். வந்து சேர்வதற்குள் மீன் உப்பேறிக் கடுத்துவிடும். அதை மெல்லிய ஏடாகச் சீவி, ஒரு கைப்பிடி வினிகர்ச் சோற்றின்மேல் வைத்து, வீட்டுத் தோட்டத்துப் பெர்சிமன் மர இலையில் பொதிந்து, மரப்பெட்டியில் அடுக்கிக் கல்லை ஏற்றி ஓர் இரவு வைப்பார்கள். கோடைத் திருவிழாவுக்கு வீடுதோறும் செய்த பண்டம் அது. இலையிலுள்ள துவர்ப்புப் பொருள் சோறு கெடாமல் காக்கிறது; மீனின் வாடையையும் அடக்குகிறது.

கின்டெட்சு நாரா நிலையத்துக்கு அருகிலுள்ள கடைத்தெருவில் ஒரு கடையில் தனித்தனியாகவும் விற்றார்கள்: கானாங்கெளுத்தி ஒன்று 170 யென், சால்மன் ஒன்று 190 யென். ஆறு வாங்கினேன். பச்சை இலைகளுக்கு நடுவே, இலையுதிர் காலத்துக்கென்று, செம்மையும் மஞ்சளும் ஓடிய இலையில் பொதிந்தவையும் இருந்தன. அவற்றுக்குச் சில யென் கூடுதல். கடைக்கார அம்மையாருக்கு அறுபது வயதிருக்கும். இரண்டு செய்திகளை அவர் கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பாமல் சைகையாலும் சேர்த்துச் சொன்னார். இதைக் குளிர்பெட்டியில் வைக்காதே, சோறு கல்லாகிவிடும் என்பது முதலாவது. இன்று ஒன்று தின், மீதியை நாளை தின் என்பது இரண்டாவது. மான்கள் இருக்கும் பக்கம் போகிறீர்களா என்று கேட்டு, காகிதப் பைக்கு மேல் பிளாஸ்டிக் பையையும் போட்டுக் கட்டினார். காகிதம் என்றால் அவை விடாவாம்.

அன்றைய ஒன்றை நிலையத்துக்கு வெளியே, நீரூற்றருகே நின்று உண்டேன். உப்பு முன்னால் வந்தது, சோறு தனியே நின்றது. இலையின் மணம் மூக்குவரை வந்து உள்ளே இறங்கவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்ததை அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா இலையை மட்டும் வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, எதிர்க்கடையில் சக்கரைவள்ளிக் கிழங்கு சுட்டதை 400 யென்னுக்கு வாங்கி உண்டார்.

நவம்பர் 13, வியாழன்: யோஷினோ

வசந்தத்தில் செர்ரி மலர் காணக் கூட்டம் தாங்காத மலை இது; நவம்பர் நடுவில் எங்களோடு ரயிலில் இறங்கியவர்கள் சிலரே. வெயில் இருந்தும் காற்று காதைக் கிள்ளியது. கின்புசென்ஜி கோயிலின் பெருமண்டபத்தை ஒட்டிய படிக்கட்டில், வழிபாட்டுக்கு வந்த முதியவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக அமர்ந்து, பையைப் பிரித்தேன்.

ஓர் இரவில் அது வேறு பண்டமாகிவிட்டிருந்தது. மீனின் உப்பு சோற்றுக்குள் இறங்கியிருந்தது. சோற்றின் புளிப்பு மீனுக்கு ஏறியிருந்தது. மர இலையின் துவர்ப்பு மணம் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்திருந்தது. நம் வீடுகளில் தொலைதூரப் பயணத்துக்கென்று கட்டும் புளிச்சோறு மறுநாள் பிரித்தால் கூடுதல் ருசியாக இருப்பதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே: புளிப்பு சோற்றைக் காக்கிறது, நேரம் அதைப் பக்குவப்படுத்துகிறது. நேற்றைய அம்மையார் சொன்னதன் நியாயம், அடுத்தடுத்து மூன்றை விழுங்கிய பிறகே எனக்கு நினைவுக்கு வந்தது.

கீழ்ப்படியில் அமர்ந்திருந்த ஒரு பெரியவர், நான் இலையை எப்படிக் கையாளுகிறேன் என்று சிறிது நேரம் கவனித்துக்கொண்டிருந்தார். நான் இலையை முழுவதும் உரித்துக் கீழே வைத்துவிட்டு, சோற்றை விரலால் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து, தலை தாழ்த்திவிட்டு, இலையைப் பாதிவரை மட்டும் பிரித்து மீதியைப் பிடியாகக் கொண்டு கடிக்க வேண்டும் என்று காற்றிலேயே செய்து காட்டினார். அவ்வாறு செய்ததில் கையில் ஒரு பருக்கைகூட ஒட்டவில்லை. நன்றி சொல்லி ஒன்றை நீட்டினேன். வாங்க மறுத்தவர், சற்றுப் பொறுத்துத் தம் பையிலிருந்து இரண்டு பெர்சிமன் பழங்களை எடுத்து அக்காவிடம் கொடுத்துவிட்டுப் படியேறிப் போனார். அக்கா அன்று முழுவதும் அந்தப் பெரியவரையே புகழ்ந்துகொண்டிருந்தார்.

நவம்பர் 15, சனி: ஷின்கூ

ஒசாகாவிலிருந்து கீயி தீபகற்பத்தைச் சுற்றித் தெற்கே இறங்கும் விரைவு ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வலப்பக்கம் அமர்ந்தால் பாதி வழிக்குமேல் கடல். பிற்பகலில் இறங்கும்போதே மழை. ஜப்பானில் மழை மிகுந்த கரைகளில் இதுவும் ஒன்று என்பதைப் படித்திருந்தோம். ஆனால் குடையின் கம்பிகள் வழியே தோளில் இறங்கும் மழையைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இவ்வளவு தொலைவு வந்தது மெஹாரி சுஷிக்காக. சுஷி என்று பெயர் கொண்டிருந்தாலும் இதுபோல் அப்பட்டமான சோற்று உருண்டை வேறில்லை. உப்பில் ஊறவைத்த கடுகுக் கீரையின் பெரிய இலைக்குள் உருட்டிய சோறு. மீன் இல்லை, கடற்பாசித் தாள் இல்லை, பல கடைகளில் சோற்றில் வினிகரும் இல்லை. புளிப்பு ஏதேனும் இருந்தால் அது இலை ஊறியதால் வந்தது. கூமானோ மலைகளில் மரம் வெட்டப் போனவர்களும், வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டிக் கூமானோ ஆற்றில் ஓட்டி வந்தவர்களும் கட்டிக்கொண்டு போன உணவு அது. இரு கைகளாலும் ஏந்த வேண்டிய அளவுக்குப் பெரிதாகப் பிடிப்பார்களாம். ஒரு கையில் உருண்டையும் மறு கையில் வேலையுமாக இருக்க இயலாது என்பதால், உண்ணும் அந்த நேரமே அவர்களுக்கு ஓய்வாகவும் இருந்திருக்க வேண்டும். இன்று கடையில் கிடைப்பவை மூன்று வாயில் முடிந்துவிடும் அளவுதான்.

நிலையத்திலிருந்து சிறிது தொலைவிலிருந்த கடையில் நான்கு உருண்டைகள் 820 யென். மூங்கில் இலை அச்சிட்ட காகிதத்தில் பொட்டலம். கடையில் அமர இடமிருந்தும் நாங்கள் எடுத்துப் போகிறோம் என்றதும், அந்த இளம்பெண் வெளியே மழையைப் பார்த்தார், எங்கள் குடையைப் பார்த்தார், பொட்டலத்தை இன்னொரு முறை பிளாஸ்டிக்கில் சுற்றினார். வாசலில் ஒரு வாளியில் பழைய குடைகள் சில கிடந்தன. எடுத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது திருப்பித் தாருங்கள் என்று எழுதியிருந்தது. அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டார்.

முதல் கடியில் இலை சற்று எதிர்க்கிறது. பல்லுக்கு நாரும், நாவுக்கு உப்பும், பின்னாலேயே கடுகின் மெல்லிய காரமும் வருகின்றன. உள்ளே பொடியாக நறுக்கிய தண்டு, சோயாச் சாற்றில் புரட்டியது. அவ்வளவுதான். பயணத்தில் முதல் முறையாக எந்தக் கேள்வியும் எழுப்பாமல் உண்ணக் கிடைத்த சுஷி இது என்று சொல்லி, நான்கில் மூன்றை அக்கா எடுத்துக்கொண்டார். நானும் இதை ஒசாகாவின் பத்தேராவுக்கு அடுத்த இடத்தில் வைக்க ஒரு கணம் தயங்கி, பிறகு சமமாக வைத்தேன்.

எங்கள் தங்குமிடத்தை நடத்தும் அம்மையார், காலிப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, அது அவ்வளவு சிறிதாகவா இருந்தது என்று வருத்தத்தோடு கேட்டார். நாளைக் காலை ஏழு மணிக்குச் சமையலறைக்கு வாருங்கள் என்று அழைப்பும் விடுத்தார்.

நவம்பர் 16, ஞாயிறு: ஷின்கூவிலிருந்து கியோத்தோ

ஏழு மணிக்கு அவர் ஆயத்தமாக இருந்தார். உப்பிட்ட இலைகளை நீரில் அலசிப் பிழிந்து, அகலமான தண்டை வெட்டி எடுத்து, தண்டைப் பொடியாக நறுக்கிச் சோயாச் சாற்றில் போட்டார். இலையை வேறொரு கிண்ணத்தில், இனிப்புச் சமையல் மதுவும் சோயாவும் கலந்த சாற்றில் தோய்த்துப் பலகையில் விரித்தார். ஆவி பறக்கும் சோற்றை நனைத்த உள்ளங்கையில் எடுத்து, நடுவில் தண்டைப் புதைத்து, அழுத்தாமல் சுழற்றிச் சுழற்றி உருண்டையாக்கினார். அக்கா பிடித்த உருண்டை மிக இறுகிவிட்டது. அதைத் தட்டில் தனியே வைத்து, உதிராமல் நிற்க வேண்டும், ஆனால் வாயில் உதிர வேண்டும் என்று அவர் சொன்னதைக் கைப்பேசி சரியாகவே மொழிபெயர்த்தது. புறப்படும்போது, அந்தக் காலத்து அளவில் பிடித்த இரண்டு உருண்டைகளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, விலை பேச இடமே கொடுக்கவில்லை.

ஹயாதாமா ஆலயத்தில் சுமார் 1,000 ஆண்டு வயதுடையதாகக் கூறப்படும் நாகி மரத்தைப் பார்த்துவிட்டு, குடையைக் கடை வாளியில் திருப்பி வைத்துவிட்டு ரயில் ஏறினோம். இருட்டிய பிறகு, இரு நிலையங்களுக்கு இடையே, ரயில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் மான் ஒன்று அடிபட்டிருந்தது. இந்த மலைக்கரையில் அது அடிக்கடி நடப்பதுதானாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடத்துநர் ஒவ்வொரு பெட்டியாக வந்து தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். பெட்டியில் யாரும் குரல் உயர்த்தவில்லை. கைப்பேசியில் பேச வேண்டியவர்கள் எழுந்து கதவுப் பக்கம் போனார்கள். ஆறிய நிலையிலும் அந்த அம்மையாரின் சோறு இறுகவில்லை. எதிர் இருக்கைக் குழந்தை எங்கள் உருண்டையின் பருமனைக் கண்டு தன் தாயின் கையை இழுத்துக் காட்டியது. கியோத்தோவில் கடைசி நகரப் பேருந்தைத் தவறவிட்டு வாடகைக் காருக்கு 1,900 யென் கொடுத்ததே அன்றைய பெரிய செலவு.

நவம்பர் 17, திங்கள்: கியோத்தோ

காலையில் ஃபுஷிமி இனாரி. 711ஆம் ஆண்டில் தொடங்கியதாகக் கூறப்படும் ஆலயம். செந்நிறத் தோரண வாயில்கள் 233 மீட்டர் உயர மலைமேல் வரிசையாக ஏறிச் செல்கின்றன. ஏழரை மணிக்கே கூட்டம். நாங்கள் பாதி மலையோடு திரும்பிவிட்டோம். இனாரித் தெய்வத்தின் தூதரான நரிக்குப் பொரித்த டோஃபு பிடிக்கும் என்பது நம்பிக்கை. எனவே ஆலயத்தைச் சுற்றியுள்ள கடைகளில் இனாரி சுஷியே முதல் பண்டம். தோக்கியோப் பக்கத்தில் அதை அரிசி மூட்டை வடிவில் நீளமாகச் செய்வார்கள், கன்சாயில் நரிக் காது வடிவில் முக்கோணமாகச் செய்வார்கள். மூன்று கொண்ட பெட்டி 540 யென். சோற்றில் எள்ளும் காரட்டும் இருந்தன. இவற்றோடு பல்லில் நறுக்கென்று உடையும் சிறு விதைகளும் இருந்தன. என்னவென்று கேட்டோம். வறுத்த கஞ்சா விதை என்று கைப்பேசி சொன்னதும் அக்கா பெட்டியை மூடிவிட்டார். விதையில் போதை ஏதும் இல்லை, ஏழு மசாலாத் தூளில்கூட அது சேர்கிறது என்று கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கிய பிறகே அது மீண்டும் திறந்தது. கோன்பினி இனாரியில் கிடைத்த வெறும் இனிப்பு இங்கே இல்லை. டோஃபுவின் எண்ணெய்ப் பசையை அந்த விதைதான் வெட்டுகிறது.

பிற்பகலில் தெமாச்சிக் கடைத்தெரு. வாகாசாக் கடற்கரையிலிருந்து கியோத்தோவுக்குக் கானாங்கெளுத்தி சுமந்து வந்த பழைய பாதை முடிவது இங்கேதான்; அதனால் கானாங்கெளுத்தி சுஷிக்குப் பெயர்பெற்ற இடம். முழு மீனில் செய்த ஒரு கட்டையின் விலை 4,000 யென்னுக்கு மேல் என்று கண்டதும் கும்பிடு போட்டுவிட்டு, அடுத்த கடையில் தெமாரி சுஷி வாங்கினேன். ஒரே வாயில் போடும் எட்டுச் சிறு உருண்டைகள், 780 யென்: இறால், சால்மன், முட்டை, ஊதா நிறக் கத்தரிக்காய் ஊறுகாய் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அழகுக்கு முதலிடம், ருசிக்கு அடுத்த இடம். சோற்றின் புளிப்பு மிகவும் அடங்கியிருந்தது. கத்தரிக்காய் ஊறுகாய் வைத்ததை மட்டும் விதிவிலக்காகச் சொல்ல வேண்டும்.

அவற்றை உண்ண, இரு ஆறுகள் சேரும் கமோகாவா முக்கோண மேட்டுக்குப் போனோம். வெயில் இதமாக இருந்தது. ஆமை வடிவக் கற்களின்மேல் தாவித் தாவிப் பிள்ளைகள் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தார்கள். நான்காவது உருண்டையை எடுத்த கை வாய்க்குப் போகும் வழியில், பின்பக்கமிருந்து ஒரு காற்று, ஓர் அறை; இறால் உருண்டை என் கையில் இல்லை. கள்ளப்பருந்து அதைக் கொண்டுபோய் எதிர்க்கரை மரத்தில் அமர்ந்திருந்தது. விரலில் நகக் கீறல். மேட்டின் மறுமுனையில், பருந்து குறித்த எச்சரிக்கைப் பலகை ஒன்று நின்றிருந்தது. அதில் அந்தப் பறவைக்கு வரைந்திருந்த முகம் மிகவும் சாதுவானது.

இரண்டு கல்லூரி மாணவர்கள் ஓடி வந்தார்கள். ஒருவர் ஈரத் தாளையும் ஒட்டுப் பட்டையையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மற்றவர், மரத்தடியிலோ பாலத்துக்கு அடியிலோ முதுகு மறையும்படி அமர்ந்து உண்ண வேண்டும் என்று இடமும் காட்டினார். அவர்களும் தம் ஒனிகிரியை அங்கேதான் பதுங்கி உண்டுகொண்டிருந்தார்கள். மீதியைப் பாலத்துக்கடியில் நாங்கள் நால்வரும் பகிர்ந்து உண்டோம். அக்கா தம் பங்கு முட்டை உருண்டையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்: ஒசாகா

மீண்டும் ஒசாகா, தென்னோஜியில் ஒரு பேரங்காடி. இரவு ஏழரை மணி அளவில் சுஷி அடுக்கின் அருகே பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தார்கள். ஆனால் ஒருவரும் சுஷியைப் பார்க்கவில்லை. ஒருவர் சோயாச் சாற்றுப் புட்டிகளையும், இன்னொருவர் முட்டைப் பெட்டிகளையும் வெகு கவனமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பணியாளர் ஒருவர் சீட்டு ஒட்டும் கருவியுடன் வந்து, 20 சதவீதத் தள்ளுபடி ஒட்டியிருந்த பெட்டிகளின்மேல் பாதி விலைச் சீட்டை ஒட்டத் தொடங்கியதும், அத்தனை பேரும் நகர்ந்து வந்தார்கள். தள்ளுமுள்ளு இல்லை, பேச்சு இல்லை; ஒட்டி முடித்துப் பணியாளர் கையை எடுக்கும்வரை எவரும் பெட்டியைத் தொடவில்லை. தொட்ட பின் வேகம் வேறு.

அக்கா முன்பே ஓர் இனாரிப் பெட்டியைக் கையில் எடுத்து வைத்திருந்தார். கையிலிருப்பதை நீட்டிச் சீட்டுக் கேட்பது இங்கே நல்ல பழக்கமன்று என்று படித்திருந்ததால் அவரை நான் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தேன். பணியாளர் அதைப் பார்த்துவிட்டார். அவரே கையை நீட்டிப் பெட்டியை வாங்கி, சீட்டை ஒட்டி, இரு கைகளாலும் திருப்பிக் கொடுத்தார். 498 யென் 249 ஆயிற்று; வரி சேர்த்து 268. நாளைக் காலை விமான நிலையத்துக்கு இது போதும் என்று அக்கா சொன்னார். இரவு பத்து மணிக்கு நான் பல் துலக்கிவிட்டு வந்தபோது பெட்டியில் இஞ்சி ஊறுகாய் மட்டும் இருந்தது.